பாடசாலையில் மூலிகைத் தோட்டம்: கமக்காரர் செய்யத்தக்க உதவி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை முதலிய ஊர்களின் கமக்காரர், வயல் வரம்பில் வல்லாரையும் கீழ்காய்நெல்லியும் தாமே முளைப்பதை அறிவர். ஆயின் களைநாசினி தெளித்த வரம்பிற் கொய்தவை உண்ணத் தகாதவை. வயலுக்குச் செல்லாத பிள்ளைகளுக்கு அவற்றை இனங்காணவும் தெரியாது. அறியாமையாற் பொன்னலரி விதையை வாயிலிட்டால் இதயம் பாதிக்கப்பட்டு உயிருக்கே ஆபத்து நேரலாம். நல்லதையும் நஞ்சையும் பிரித்தறியக் கற்பிப்பதற்குப் பாடசாலைத் தோட்டம் ஏற்ற இடமாகும். இலங்கையில் 20 ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலேயே, டிரீபேர்க் என்பாரின் மேற்பார்வையிற் பாடசாலைத் தோட்டங்கள் நடைபெற்றன.

நிலம் பண்படுத்தல்

கரையோர மணல் நீரையும் பசளையையும் தேக்கி வைப்பதில்லை. ஆகவே 3 அடி அகலமான பாத்தியை 1 அடி ஆழம் தோண்டி, அடியில் தேங்காய்ப் பொச்சுகளைப் பரப்புக. அதன்மேல் மக்கிய மாட்டெருவையும் உக்கிய வைக்கோலையும் மண்ணுடன் கலந்து நிரப்புக. ஐப்பசி மழையோடு நட்டால், கச்சான் காற்று வீசுமுன் வேர் ஊன்றிவிடும்.

நடும் முறை

1. ஆடாதோடை: 3 அல்லது 4 கணுக்களுள்ள முற்றிய தண்டை வேலியோரத்தில் 1½ அடிக்கு ஒன்றாக நடுக. இதனை ஆடு மாடுகள் மேய்வதில்லை. வெட்டும் தழை நெல்வயலுக்குப் பசுந்தாட் பசளையாகும்.
2. கற்றாழை: பக்கக் கன்றுகளை வெயில் படும் மணலில் நடுக. நீர் தேங்கலாகாது.
3. வல்லாரை: வேர்விட்ட கொடித்தண்டை ஈரமான இடத்தில் நடுக.
4. கற்பூரவள்ளி: நுனித்தண்டை அரைநிழலில் நடுக.

பிள்ளைகளுக்குக் கற்பித்தல்

ஒவ்வொரு பாத்தியையும் ஒரு குழுவிடம் ஒப்படைக்க வேண்டும். இலையைக் கசக்கி மணந்தும், தண்டையும் பூவையும் உற்றுநோக்கியும் செடியை அறியப் பழக்குக. பெயரும் எச்சரிக்கையும் எழுதிய பலகையை அருகில் நாட்டுக. ஆடாதோடை கருவுற்ற தாய்மாருக்கு ஆகாது. வைத்தியரைக் கேளாது எம்மூலிகையையும் மருந்தாகக் கொடுக்கலாகாது என்பதே முதற் பாடமாதல் வேண்டும்.

கமக்காரர் கடமை

நடுதண்டும் எருவும் கொடுப்பதோடு உங்கள் உதவி நின்றுவிடலாகாது. முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை வருகின்றது. அம்மாதம் ஆண்டுதோறும் முன்தள்ளி வருவதால், சில ஆண்டுகளிற் கச்சான் காலத்திலேயே அமையும். அப்போது நீர் ஊற்றுவாரின்றேல், பிள்ளைகளின் ஓராண்டு உழைப்பு ஒரு மாதத்திற் கருகிவிடும். ஆகவே பெற்றோர் முறைவைத்து, அஸர் தொழுகைக்குப் பின் நீர் ஊற்றுதல் நன்று. முதலாண்டில் நான்கு பாத்திகளே போதும். அவற்றைக் காத்தபின் தோட்டத்தைப் பெருக்குக.