வன்தட்டு வன்தட்டாக வளரும் வீட்டுச் சேமிப்பகம்

திரைப்படங்கள், பாடல்கள், குடும்ப விழாக்களின் காணொளிகள், ஒளிப்படங்கள் ஆகியவற்றை ஒரே கணினியில் சேர்த்து வைத்து, வீட்டிலுள்ள தொலைக்காட்சிக்கும் கைபேசிக்கும் கேட்டபோது அனுப்பித் தரும் ஏற்பாட்டை மீடியா சர்வர் என்கிறோம். பிளெக்ஸ், ஜெல்லிஃபின் போன்ற மென்பொருள்களை நிறுவி இதை இயங்கச் செய்வது ஒரு மாலை வேலைதான்; ஆனால் சேர்த்து வைப்பவற்றை எதில் வைப்பது என்ற முடிவு, அடுத்த பத்தாண்டுச் செலவையும் நிம்மதியையும் தீர்மானிக்கிறது. சாதாரண புளூரே வட்டு 25 அல்லது 50 ஜிகாபைட் கொள்ளும், 4கே புளூரே வட்டு பெரும்பாலும் 66 அல்லது 100 ஜிகாபைட் கொள்ளும் என்பதால், 8 டெராபைட் கொண்ட ஒரு வன்தட்டில், அதாவது கடைகளில் ஹார்ட் டிஸ்க் என்று கேட்டு வாங்கப்படும் பொருளில், வட்டு நிறைய உள்ள 4கே படங்கள் ஏறத்தாழ எண்பது முதல் நூற்று இருபது வரைதான் அடங்கும். ஆகவே இத்தகைய சேமிப்பகம் ஒரு தட்டோடு நிற்பதில்லை.

வாங்குவோர் பலர் முதலில் கேட்பது வேகத்தைப் பற்றி. இந்தப் பயன்பாட்டில் அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி. 4கே புளூரே படம் நொடிக்கு அதிகபட்சம் 128 மெகாபிட், அதாவது 16 மெகாபைட் தரவை மட்டுமே கேட்கிறது, இன்றைய 3.5 அங்குல வன்தட்டு ஒன்று தனியாகவே நொடிக்கு 150 முதல் 200 மெகாபைட் வரை தொடர்ச்சியாகப் படித்துத் தரும். வீட்டு ஜிகாபிட் கேபிளோ நொடிக்கு 125 மெகாபைட்டுக்கு மேல் கடத்தாது. மேலும் ஒரு படம் ஒருமுறை எழுதப்பட்டு, பலமுறை படிக்கப்பட்டு, ஒருபோதும் திருத்தப்படாமல் கிடக்கும் கோப்பு. இந்த இயல்பை மனத்தில் வைத்தால், தேவைப்படும்போது ஒரு தட்டைச் சேர்க்க முடிகிறதா, ஒரு தட்டு பழுதானால் இழப்பு எங்கே நிற்கும் என்ற இரண்டு கேள்விகளே முதன்மை பெறுகின்றன.

பல தட்டுகளை ஒன்றாகப் பிணைக்கும் முறைக்கு ரெய்டு என்று பெயர். கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி கட்ஸ் ஆகியோர் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை, விலை உயர்ந்த ஒரு பெரிய தட்டின் இடத்தில் மலிவான பல சிறு தட்டுகளைப் பயன்படுத்தலாம் என்றும், தட்டுகள் பெருகும்போது பழுதும் பெருகும் என்பதால் உபரித் தகவலைச் சேர்த்து வைக்க வேண்டும் என்றும் வாதிட்டது. அந்த உபரித் தகவலே பாரிட்டி. மூன்று தட்டுகளில் ஒரே இடத்தில் 1, 0, 1 என்ற பிட்டுகள் இருப்பதாகக் கொண்டால், ஒன்றுகளின் எண்ணிக்கை இரட்டைப்படையாக அமையும்படி நான்காவது தட்டில் 0 எழுதப்படுகிறது. மூன்றாவது தட்டு செயலிழந்துவிட்டால் எஞ்சியிருப்பவை 1, 0, 0; இரட்டைப்படை ஆவதற்கு இன்னொரு 1 வேண்டும் என்பதிலிருந்து, இழந்தது 1 என்று கணினி கண்டுபிடித்துவிடுகிறது. கோடிக்கணக்கான பிட்டுகளுக்கும் இதே கணக்குதான். ஒரே ஒரு கூடுதல் தட்டைக் கொண்டு, எந்தத் தட்டு போனாலும் மீட்டெடுக்க முடிவது இதனால்தான்.

ரெய்டு 5 எனப்படும் பழைய முறை ஒவ்வொரு கோப்பையும் துண்டுதுண்டாக்கி எல்லாத் தட்டுகளிலும் பரப்பி வைக்கிறது. அத்துடன் எல்லாத் தட்டுகளையும் அவற்றுள் மிகச் சிறியதன் அளவுக்கே கணக்கில் கொள்கிறது. 4, 8, 8, 12 டெராபைட் கொண்ட நான்கு தட்டுகளை இம்முறையில் இணைத்தால், மொத்தம் 32 டெராபைட்டுக்குப் பணம் கொடுத்தவருக்குக் கிடைப்பது 12 மட்டுமே. சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் உருவாக்கி 2005-இல் தன் சோலாரிஸ் இயங்குதளத்தில் சேர்த்த இசட்எஃப்எஸ் என்னும் கோப்பு முறைமை, ஒவ்வொரு தரவுத் தொகுதிக்கும் சரிபார்ப்புத் தொகையைக் கணக்கிட்டு வைத்து, ஓசையின்றிச் சிதையும் பிட்டைக்கூடக் கண்டறிந்து, உபரித் தகவலைக் கொண்டு தானாகச் சரிசெய்கிறது. நம்பகத்தன்மையில் அதற்கு இணையானவை மிகச் சில. ஆயினும் அதன் பாரிட்டித் தொகுப்பில் ஒரேயொரு தட்டைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதி, ஜனவரி 2025-இல் வெளிவந்த, அதன் திறந்தமூல வடிவமான ஓப்பன் இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதிலும் புதிய தட்டு பழையவற்றைவிடச் சிறியதாக இருக்கக் கூடாது, பெரியதாக இருந்தால் மிகுதி இடம் பயன்படாது, ஏற்கெனவே எழுதப்பட்ட கோப்புகள் மீண்டும் எழுதப்படும்வரை பழைய பாரிட்டி விகிதத்திலேயே இருக்கும்.

மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, விலை இறங்கும்போது ஒவ்வொன்றாக வாங்கும் வீட்டுக்கு இன்னும் பொருந்துவது வேறொரு வழி. அன்ரெய்டு என்னும் கட்டண இயங்குதளமும், ஸ்னாப்ரெய்டு என்னும் இலவச மென்பொருளும் கோப்புகளைத் துண்டாக்குவதில்லை. ஒவ்வொரு படமும் ஏதோ ஒரு தட்டில் முழுமையாக இருக்கிறது, பாரிட்டி மட்டும் தனித் தட்டில் சேர்கிறது. விதி ஒன்றே: பாரிட்டித் தட்டு மற்ற எதற்கும் சிறியதாக இருக்கக் கூடாது. மேலே சொன்ன நான்கு தட்டுகளில் 12 டெராபைட் தட்டைப் பாரிட்டிக்கு ஒதுக்கினால் 20 டெராபைட் பயன்பாட்டுக்குக் கிடைக்கிறது. சினாலஜி நிறுவனத்தின் பெட்டிகளில் உள்ள ஹைபிரிட் ரெய்டு முறையும் இதே 20 டெராபைட்டைத் தரும். ஆனால் அது துண்டாக்கும் முறையே. வேறுபாடு பழுது நேரும்போது வெளிப்படுகிறது. ஒற்றைப் பாரிட்டியோடு இரண்டு தட்டுகள் ஒருசேரப் போனால் துண்டாக்கும் முறைகளில் அனைத்தும் அழியும். அன்ரெய்டிலோ ஸ்னாப்ரெய்டிலோ போன தட்டுகளில் இருந்தவை மட்டும் அழியும், மீதியை எந்த லினக்ஸ் கணினியிலும் செருகிப் படிக்கலாம். இரவில் ஒருவர் படம் பார்க்கும்போது அந்தப் படம் உள்ள தட்டு மட்டும் சுழன்றால் போதும் என்பதால் மின்சாரமும் மிச்சமாகிறது. எட்டுத் தட்டுகள் தலைக்கு 6 வாட் வீதம் நாள் முழுதும் சுழன்றால் மாதத்துக்கு ஏறத்தாழ 35 யூனிட் ஆகும் என்பதை எண்ணிப் பார்க்கலாம். எழுதும் வேகம் குறைவு என்ற குறை அன்ரெய்டுக்கு உண்டு. ஒருமுறை மட்டுமே எழுதப்படும் படத்துக்கு அது பொருட்டல்ல. ஸ்னாப்ரெய்டின் பாரிட்டி, கட்டளையிடும்போது மட்டுமே புதுப்பிக்கப்படுகிறது. ஆகையால் கடைசியாகப் புதுப்பித்த பிறகு சேர்த்த கோப்புகளுக்குப் பாதுகாப்பு இல்லை.

தட்டு பழுதாவது அரிதான விபத்தன்று. பேக்பிளேஸ் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் தட்டுகளைப் பற்றி 2013 முதல் திரட்டி வெளியிடும் தரவுகளில், ஆண்டுப் பழுது விகிதம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று அல்லது இரண்டு என்ற அளவில் இருக்கிறது. நூற்றுக்கு ஒன்றரை என்று கொண்டால்கூட, எட்டுத் தட்டுகள் ஐந்தாண்டு ஓடும்போது ஒன்றாவது பழுதாகும் வாய்ப்பு பாதியை நெருங்குகிறது. அப்போது புதிய தட்டை மாற்றி அதன் உள்ளடக்கத்தைத் திரும்பக் கணக்கிட வேண்டும். 16 டெராபைட் தட்டில் நொடிக்கு 200 மெகாபைட் வேகம் குறையாமல் எழுதினாலும் 22 மணி நேரம் ஆகும், அவ்வளவு நேரமும் மற்ற எல்லாத் தட்டுகளும் ஓய்வின்றிப் படிக்கப்படும். தட்டுகள் ஆறைத் தாண்டும்போது இரண்டாவது பாரிட்டித் தட்டையும் வைத்துக்கொள்வது வீண் செலவன்று.

தட்டு வாங்கும்போது மாதிரி எண்ணைச் சரிபார்ப்பதும் கட்டாயம். எஸ்எம்ஆர் எனப்படும் வகையில், நாட்டு ஓடு வேய்ந்த கூரைபோலத் தரவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருப்பதால், ஒரு தடத்தைத் திருத்த அடுத்தடுத்த தடங்களையும் திருப்பி எழுத நேர்கிறது. நீண்ட நேரம் எழுதும் மீட்புப் பணியில் அது தள்ளாடும். 2020-இல், நாஸ் எனப்படும் வலையமைப்புச் சேமிப்புப் பெட்டிகளுக்கென்று விற்கப்பட்ட வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் சில மாதிரிகள் சொல்லாமலே இவ்வகையில் அமைந்திருந்தது வெளிப்பட்ட பிறகே, எது எந்த வகை என்ற பட்டியல்களை நிறுவனங்கள் வெளியிட்டன. தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாத வகையான சிஎம்ஆர் என்று குறிக்கப்பட்டதையே கேட்டு வாங்க வேண்டும்.

பெட்டியைப் பொறுத்தவரை, இன்றைக்கு மூன்று தட்டுகளே இருந்தாலும் எட்டுக்கு இடமுள்ள கேபினெட்டை வாங்கிவிடுவது பின்னாளில் பணத்தை மிச்சப்படுத்தும். தட்டு சுழலத் தொடங்கும் நொடியில் 20 வாட்டுக்கு மேல் இழுக்கும் என்பதால் பவர் சப்ளையையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும். தட்டுகளுக்கு முன்னால் மின்விசிறி இன்றியமையாதது. மின்வெட்டு உள்ள ஊரில் யூபிஎஸ் இல்லாமல் இதைத் தொடங்கவே கூடாது. யூஎஸ்பி வழியாகக் கணினிக்குச் செய்தி சொல்லி அதை முறையாக நிறுத்தும் வகையாக அது இருப்பது நல்லது.

பாரிட்டி எவ்வளவு இருந்தாலும் அது பேக்கப் ஆகாது. தவறுதலாக அழித்த கோப்பு, இடி, திருட்டு, கோப்புகளைப் பூட்டும் வைரஸ் ஆகிய எதிலிருந்தும் அது காக்காது. படங்களை வட்டிலிருந்து மீண்டும் எடுத்துக்கொள்ளலாம். குழந்தையின் முதல் பிறந்தநாள் காணொளியை எங்கிருந்தும் எடுக்க முடியாது. எனவே முழுச் சேமிப்பகத்தையும் இருமுறை வாங்க வேண்டிய தேவையில்லை. குடும்பப் படங்களும் ஆவணங்களும் பெரும்பாலான வீடுகளில் 2 டெராபைட்டுக்குள் அடங்கிவிடும், அவற்றை மட்டும் ஒரு கையடக்கத் தட்டில் நகலெடுத்து உறவினர் வீட்டில் கொடுத்து வைத்து, சில மாதங்களுக்கு ஒருமுறை வாங்கிப் புதுப்பித்து, கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்துத் திருப்பிக் கொடுக்கலாம்.