கடற்காற்று திரும்பும் நேரம்

பங்குனி பிறந்து வெயில் ஏறத் தொடங்கியதும், "இவ்வாண்டு கோடை எப்படியிருக்கும்?" என்ற கேள்வி வீடுதோறும் எழுந்துவிடுகின்றது. இந்திய வானிலை ஆய்வுத் துறையினர் பிப்ரவரி இறுதியிலும் மார்ச் இறுதியிலும் கோடைக்கால வெப்பநிலை பற்றிய முன்னறிவிப்பை வெளியிடுகின்றனர். "இயல்பைவிட வெப்பம் கூடுதலாக இருக்க வாய்ப்புண்டு" என நாளிதழில் ஒற்றை வரி வரும். பரந்த நிலப்பரப்புக்கும் பல வாரங்களுக்கும் பொதுவாகச் சொல்லப்படும் வாய்ப்புக் கணக்கு அது. எங்கள் செங்கல்பட்டு வட்டாரத்திலோ ஒரே நாளில் இரண்டு கோடைகள் நடக்கின்றன. இதை அறியாமல் நான் செய்த பிழையொன்றைச் சகோதரிகளுக்குச் சொல்லவே இதை எழுத முற்பட்டேன்.

செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் செல்லும் சாலை ஏறத்தாழ 30 கிலோமீட்டர்தான். இங்கே கொளவாய் ஏரியைச் சுற்றிச் சிறு குன்றுகள். தெற்கே பாலாற்றுப் பள்ளம். குன்று என்றதும் குளிர்ச்சியை நினைக்க வேண்டாம். உதகையைப்போல் காற்றைக் குளிர்விக்கும் உயரம் இவற்றுக்கில்லை. பகலெல்லாம் வெயிலைக் குடித்த பாறை, இரவில் அதைத் திருப்பிக் கொடுக்கின்றது. கோடையில் பாலாற்றிலும் பெரும்பாலும் மணலே காய்கின்றது. மாமல்லபுரத்திலோ வாசலிலேயே வங்கக் கடல்.

இந்த வேறுபாட்டை வானிலைத் துறையே ஒப்புக்கொள்கின்றது. வெப்ப அலை எனக் கருதுவதற்கு, சமவெளியில் வெப்பநிலை குறைந்தது 40 டிகிரி செல்சியஸ், கடலோரத்தில் 37, மலைப் பகுதியில் 30 டிகிரியை எட்டவேண்டும். அத்துடன் அவ்வூரின் இயல்பைக் காட்டிலும் குறைந்தது 4.5 டிகிரி கூடியிருக்கவும் வேண்டும். கடலோரத்துக்கு அளவு குறைவானதேன்? அங்கே காற்றில் ஈரம் மிகுதி. வியர்வை உலர்ந்தால்தான் உடல் குளிரும். ஈரக் காற்றில் அது உலர்வதில்லை. மாமல்லபுரத்தின் 36 டிகிரி, செங்கல்பட்டின் 39 டிகிரியைப் போலவே ஒருவரை வாட்டிவிடக் கூடும். ஆகவே வெப்பமானியின் எண்ணை மட்டும் பார்த்து ஆறுதல் கொள்ளலாகாது.

இனி, காற்றுக்கு வருவோம். பகலில் கடலைவிட நிலம் விரைவில் சூடேறுகின்றது. சூடான காற்று மேலெழ, அவ்விடத்தை நிரப்பக் கடற்காற்று உள்ளே வருகின்றது. ஏப்ரல் மாதத்தில் பெரும்பாலும் நண்பகலுக்கு முன்பே கரையைத் தொட்டுவிடும். செங்கல்பட்டு வந்துசேர மேலும் நேரமாகும். மே பிற்பகுதியில் நிலைமை மாறுகின்றது. மேற்குத் தொடர்ச்சி மலையைத் தாண்டி இறங்கும் வறண்ட மேல்காற்று, உள்நாட்டுச் சூட்டையெல்லாம் அள்ளிக்கொண்டு கடலை நோக்கி வீசும். அது வலுத்துவிட்டால் கடற்காற்று கரையிலேயே தடைப்பட்டு நிற்கும். சில நாட்களில் மாலைவரை உள்ளே நுழையாது. மேற்குக் காற்றுக்குக் 'கோடை' என்றே பெயர் வைத்த நம் முன்னோர் இதை நன்கறிந்திருந்தனர் போலும். கடலிலிருந்து சில கிலோமீட்டரிலேயே உள்ள சென்னை நுங்கம்பாக்கத்தில் 2003ஆம் ஆண்டு மே 31 அன்று 45 டிகிரி வெயில் பதிவாயிற்று என்றால், கடலை மட்டும் நம்பியிருப்பது எவ்வளவு பிழை!

அப்பிழையைத்தான் நான் செய்தேன். சில ஆண்டுகளுக்கு முன், ஒரு மே மாத இறுதியில், மாமல்லபுரத்துக்கு அருகே ஒரு கடலோரச் சிற்றூரில் விடுமுறைச் சிறுவர்களுக்குத் தீனிய்யாத் வகுப்பு நடத்தி வந்தேன். மேலே அஸ்பெஸ்டாஸ் கூரை. காலை 10 மணி முதல் 12.30 வரை பாடம். கடற்கரைதானே, பதினொரு மணிக்குக் காற்று வந்துவிடும் என்பது என் கணக்கு. அன்று ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவன், "ஹஜ்ரத், தலை சுத்துது" என்றான். "இதோ காற்று வந்துவிடும், கொஞ்சம் பொறு" என்றேன். அடுத்த கால் மணியில் ரிஹால் மேலேயே சாய்ந்துவிட்டான்.

ஓடிவந்த அவனுடைய பாட்டியார் அவனைப் புன்னை நிழலில் கிடத்திச் சட்டையைத் தளர்த்தி, ஈரத் துணியால் உடலைத் துடைத்து விசிறினார். நான் பதற்றத்தில் வாயில் தண்ணீர் ஊற்றப் போனேன். அவர் என் கையைத் தட்டிவிட்டார். நினைவிழந்தவருக்கு நீர் புகட்டினால் மூச்சுக்குழலில் போய்விடும் என்பதைப் பிறகுதான் அறிந்தேன். அல்ஹம்துலில்லாஹ், சற்று நேரத்தில் கண் விழித்தான். மருத்துவரிடமும் கொண்டு சென்றோம். அந்த அம்மையார் கேட்ட கேள்வி மட்டும் இன்னும் என்னை விடவில்லை. "பதினோரு மணி ஆகியும் மேல்காத்து திரும்பலியே ஹஜ்ரத், பாக்கலியா நீங்க?"

கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே சற்றுத் தணியும் வரை தாமதப்படுத்தலாம் என்ற நபிவழியைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் நான், பாட வேளையை மாற்ற எண்ணவில்லையே என்று வெட்கினேன்.

இல்லத்தரசிகளுக்கு ஒன்று சொல்வேன். பருவ முன்னறிவிப்பைக் கூரைக்குச் சுண்ணாம்பு அடிக்கவும், பானை வாங்கவும், பிள்ளைகளின் வகுப்பு நேரத்தை முன்கூட்டியே மாற்றவும் பயன்படுத்துங்கள். அன்றாடத்துக்கு அன்றைய எச்சரிக்கையே உதவும். மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நிறங்களில் அது வரும். மயங்கியவர் தெளியாவிட்டாலோ பிதற்றினாலோ 108க்குத் தொலைபேசுங்கள்; அது வெப்பத் தாக்காக இருக்கலாம், வீட்டு வைத்தியத்துக்குரியதன்று. களைப்புற்று நினைவோடிருப்பவருக்கு மோர் கொடுக்கலாம். அல்லது காய்ச்சி ஆறிய ஒரு லிட்டர் நீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும், தலைதட்டி அளந்து, கலந்து கொடுக்கலாம். சர்க்கரை நோயாளிகள் மருத்துவரைக் கேட்டுக்கொள்ளட்டும். 2024 அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றும் வகுத்துள்ளது. உப்பளத்திலும் செங்கல் சூளையிலும் பாடுபடுவோர் வீடுகளில் இச்செய்தியைத் தெரிவித்து வையுங்கள்.

இப்போது என் கோடை வகுப்பு காலை 7 மணிக்குத் தொடங்கி 9.30க்கு முடிந்துவிடுகின்றது. அந்தச் சிறுவன் இன்று என்னைவிட உயரமாக வளர்ந்துவிட்டான். மே மாதத்தில் அவ்வூர்ப் பக்கம் போனால், ஸலாம் சொன்ன கையோடு சவுக்குத் தோப்பை அண்ணாந்து பார்த்து, நுனிகள் எப்பக்கம் சாய்கின்றன என்று எனக்குச் சொல்லிவிட்டுத்தான் மற்றப் பேச்சைத் தொடங்குகின்றான்.