மருத்துவரே மருந்து வழங்குதல்

திருக்குறளின் மருந்து அதிகாரத்து இறுதிக் குறள், மருத்துவத்தை நான்கு கூறாகப் பகுக்கின்றது. நோயாளி, மருத்துவன், மருந்து என்னும் மூன்றனோடு உழைச்செல்வானும் ஒரு கூறாக எண்ணப்படுகின்றான். மருந்தைப் பிழையின்றி இயற்றுவோன் என அச்சொற்குப் பரிமேலழகர் பொருள் கொண்டனர். நோயை அறிவோனும் மருந்தை ஆக்கித் தருவோனும் வேறாதலின், ஒருவர் பிழையை மற்றவர் காண இடமுண்டு. இருவரும் ஒருவரேயாயின் அக்காவல் யாதாகும் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

தேனி மாவட்டத்துக் கம்பம், கூடலூர், போடிநாயக்கனூர்ப் பகுதிகளிலிருந்து கேரள எல்லைக்கு அப்பாலுள்ள ஏலத்தோட்டங்களுக்குக் காலையிற் சென்று மாலையில் மீளும் தொழிலாளர் பலர். அன்னோர்க்கு, நோய் கண்ட இடத்திலேயே மருந்தும் கிடைத்தல் பேருதவியாம்.

இவ்வுதவியைச் சட்டமும் விலக்கவில்லை. 1948-ஆம் ஆண்டின் மருந்தாளுநர் சட்டம், மருத்துவர் சீட்டின்படி மருந்து கலந்து கொடுக்கும் பணியைப் பதிவுபெற்ற மருந்தாளுநர்க்கே உரியதாக்கியது. எனினும், தம் நோயாளிக்குத் தாமே மருந்து தரும் மருத்துவர்க்கு அது விலக்களித்தது. 1945-ஆம் ஆண்டின் மருந்து விதிகளும் ‘கே’ அட்டவணையில் அவர்க்கு விற்பனை உரிமம் வேண்டா என்றன. ஆயின், அவர் திறந்த கடை நடத்துதலும், வருவோர்க்கெல்லாம் விற்றலும் கூடா. எனவே, இங்குக் ‘கொடுத்தல்’ வேறு, ‘விற்றல்’ வேறு என்பது பெறப்படும்.

இவ்வேறுபாடு 2023-இல் உச்சநீதிமன்றத்தின் முன் வந்தது. சென்னையில் தோல்நோய் மருத்துவர் ஒருவர் உரிமமின்றி மருந்து வைத்திருந்தார் என்பது வழக்கு. சிறிதளவு மருந்தைத் தம் நோயாளிகள் பொருட்டு வைத்திருத்தல் திறந்த கடை நடத்துதல் ஆகாதெனக் கொண்டு நீதிமன்றம் அவ்வழக்கை நீக்கியது.

விலக்குப் பெற்றார்க்குக் கடமையும் உண்டு. உரிமம் பெற்றோரிடமே மருந்தை வாங்கி, அதற்குக் கணக்கு வைத்தல் வேண்டும். காலங்கடந்த மருந்தைத் தரலாகாது. ‘ஜி’, ‘எச்’, ‘எக்ஸ்’ அட்டவணை மருந்துகளாயின், அவற்றின் பெயர், அளவு, நோயாளியின் பெயர், தந்த நாள் ஆகியன பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். மருத்துவர் பெயரும் முகவரியும் பதிவெண்ணும், உட்கொள்ளும் மருந்தாயின் உண்ணும் அளவும், உறைமேல் இருத்தல் வேண்டும். பதிவேட்டை இறுதிப் பதிவிலிருந்து ஈராண்டேனும் காத்தல் வேண்டும்.

இவை வெற்றுச் சடங்குகள் அல்ல. மாலையில் மாத்திரை உண்டவர்க்கு நள்ளிரவில் ஒவ்வாமை தோன்றி, அவரைத் தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டு செல்வதாகக் கொள்வோம். அங்குள்ள மருத்துவர் முதற்கண் வினவுவது, உண்டது யாது என்பதே. பெயரற்ற காகிதப் பொட்டலம் அதற்கு விடை கூறாது. உறைமேலுள்ள முகவரியும் எண்ணுமோ, தந்த மருத்துவரிடத்தும் அவர்தம் பதிவேட்டினிடத்தும் கொண்டு சேர்க்கும்.

ஆகவே, மருத்துவர் உழைச்செல்வானது பணியையும் மேற்கொள்ளுமிடத்து, மற்றொருவர் கண் செய்த காவலை எழுத்தே செய்தல் வேண்டும் என்பது இவ்விதிகளின் கருத்தாம்.