வாக்குத் தவறும்போது



மாரமங்கலம் பக்கத்து மலைக் கிராமங்களிலிருந்து எங்களிடம் வரும் தாய்மாரில், விவாகரத்தான சிலர் சொல்லும் வார்த்தை ஒன்று உண்டு: “அடுத்த மாசம் பணம் தர்றேன்னு சொன்னாருங்க ஐயா.” அந்த அடுத்த மாதம் வருவதில்லை. ஞாயிறு வருவதாகச் சொன்ன தகப்பனுக்காகப் பிள்ளை வாசலில் நிற்கிறது. தாயோ தூக்கமில்லை, தலைவலி என்று ஆஸ்பத்திரிக்கு வருகிறாள்.

இவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது: வாய்வார்த்தை வேறு, நீதிமன்ற உத்தரவு வேறு. வாய்வார்த்தையை நம்பி வீட்டுச் செலவைத் திட்டமிட வேண்டாம். “அப்பா நிச்சயம் வருவார்” என்று பிள்ளைக்கு உறுதி கூற வேண்டாம். தகப்பனை ஏசவும் வேண்டாம். “வந்தால் சந்தோஷம், வராவிட்டால் அது உன் குற்றமல்ல” என்றால் போதும்.

ஜீவனாம்ச உத்தரவு அப்படியல்ல. அது தீர்க்க வேண்டிய கடன். பழைய 125ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 144ஆம் பிரிவாக உள்ளது. மறுமணம் செய்யாத, தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத விவாகரத்தான மனைவியும் பிள்ளைகளும் இதன்படி கேட்கலாம். 2001 வரை மாதம் 500 ரூபாய்தான் உச்சவரம்பு. இன்று அந்த வரம்பு இல்லை. தக்க காரணமின்றிக் கட்டாதவர்மேல் வாரண்டு பிறப்பிக்கலாம். அதன்பின்னும் நிற்கும் ஒவ்வொரு மாத பாக்கிக்கும் ஒரு மாதம் வரை சிறை விதிக்கலாம்.

ஆனால் பாக்கி விழுந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனுச் செய்ய வேண்டும். “பொறுத்துப் பார்ப்போம்” என்று காத்திருப்பவர் இந்த வழியை இழக்கிறார். ஆகவே வந்த பணம், வராத மாதம் இரண்டையும் தேதியோடு நோட்டில் எழுதி வைக்கச் சொல்கிறோம்.

“மன்னித்துவிட்டேன், இனி கேட்பது பாவமல்லவா?” என்று சிலர் கலங்குகிறார்கள். மன்னிப்பு மனக்கசப்பைத் தீர்க்கும். பிள்ளையின் சோற்றையும் பள்ளிச் செலவையும் தள்ளுபடி செய்யாது. லூக்கா 18ஆம் அதிகாரத்து விதவை நியாயாதிபதியிடம் திரும்பத் திரும்பப் போனாள். ஆண்டவர் அவளைக் குறைகூறவில்லை.

1987ஆம் வருடச் சட்டப்படி, வருமானம் எதுவானாலும் பெண்களுக்கு வழக்கறிஞர் உதவி இலவசம். சேலம் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், தொலைபேசி 15100. என்றாலும், காப்பித் தோட்டத்தில் ஒரு நாள் கூலியை விட்டு மலையிறங்கி சேலம் போய்வருவது எளிதல்ல.

அன்பானவர்களே, உங்கள் சபையிலும் இப்படி ஒரு சகோதரி இருக்கலாம். “கொஞ்சம் அனுசரித்துப் போயிருக்கலாமே” என்று கேளாதீர்கள். பஸ் கட்டணம் கொடுங்கள். வாய்தா நாளில் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளுங்கள். நீதிமன்ற வராந்தாவில் அவளோடு உட்காருங்கள். நீங்கள் கொடுக்கும் வாக்கையாவது தவறாமல் நிறைவேற்றுங்கள்.

கிறிஸ்துவின் பணியில்,
ஆஸ்பத்திரி போதகர்