காத்துக்கிடக்கும் வேலைகள்: சிறு வலைத்தள நிறுவனங்களுக்கான திட்ட மேலாண்மை

வலைத்தளம் வடிவமைத்துத் தரும் சிறு நிறுவனம் என்பது பெரும்பாலும் நான்கு பேர் முதல் பத்துப் பேர் வரை பணியாற்றும் இடமாகும். வடிவமைப்பாளர் ஒருவர் அல்லது இருவர், நிரல் எழுதுவோர் இரண்டு மூன்று பேர், வாடிக்கையாளரிடம் பேசுவதையும் பணம் வசூலிப்பதையும் தாமே பார்த்துக்கொள்ளும் உரிமையாளர் என்ற இந்த அளவில், யார் என்ன செய்கிறார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்றும், ஆகவே தனியாக ஒரு மேலாண்மை முறை வேண்டியதில்லை என்றும் எண்ணுவது இயல்பு. அந்த எண்ணம் பாதிதான் சரி. நடக்கிற வேலை எல்லோர் கண்ணிலும் படுகிறது. நடக்காமல் எங்கோ நின்றுபோன வேலை எவர் கண்ணிலும் படுவதில்லை. ஆறு வாரத்தில் முடியும் என்று ஒப்புக்கொண்ட வலைத்தளம் ஐந்து மாதம் இழுக்கும்போது, அந்த ஐந்து மாதமும் யாரும் அதில் உழைத்துக்கொண்டிருப்பதில்லை. வாடிக்கையாளர் அனுப்ப வேண்டிய நிழற்படங்களுக்காகவும், நிறுவன அறிமுகப் பக்கத்தின் வாசகங்களுக்காகவும், முகப்புப் பக்க மாதிரிக்குக் கிடைக்க வேண்டிய ஒப்புதலுக்காகவும் அது காத்துக்கிடக்கிறது. ஒரு பணியை ஏற்ற நாள் முதல் ஒப்படைக்கும் நாள்வரை அதன் காலத்தையும் செலவையும் பொறுப்பையும் தொடர்ந்து கண்காணிப்பதே திட்ட மேலாண்மை என்றால், இத்தகைய நிறுவனங்களில் அதன் முதல் கடமை இந்தக் காத்திருப்பைக் கண்ணுக்குத் தெரியவைப்பதுதான்.

அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1999இல் தொடங்கப்பட்ட 37சிக்னல்ஸ் என்ற வலைத்தள வடிவமைப்பு நிறுவனத்தின் வரலாறு இதை நன்கு விளக்குகிறது. ஜேசன் ஃபிரைடு உள்ளிட்ட மூவர் நிறுவிய அந்தச் சிறு நிறுவனம், வாடிக்கையாளர்களுடனான பேச்செல்லாம் மின்னஞ்சல்களில் சிதறிக்கிடப்பதால் வேலைகள் கைநழுவிப்போவதைக் கண்டு, தன் சொந்தப் பயன்பாட்டுக்கென ஒரு மென்பொருளை உருவாக்கிக்கொண்டது. டென்மார்க்கின் கோபன்ஹேகனில் இருந்தபடி டேவிட் ஹைன்மையர் ஹான்சன் அதற்கு நிரல் எழுதினார். 2004இல் பேஸ்கேம்ப் என்ற பெயரில் அது பொதுப் பயன்பாட்டுக்கு வந்தது. அதற்காக எழுதிய நிரலிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டதுதான், பின்னர் உலகெங்கும் பரவிய ரூபி ஆன் ரெயில்ஸ் என்னும் வலைச்செயலிக் கட்டமைப்பு. பணிகளை நாட்காட்டியின்மேல் நீளப் பட்டைகளாக வரைந்து காட்டும், அமெரிக்கப் பொறியாளர் ஹென்றி கான்ட்டின் பெயரால் வழங்கும் விளக்கப்படத்தை அக்காலத் திட்ட மேலாண்மை மென்பொருள்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடின. பேஸ்கேம்ப்போ அதை வேண்டுமென்றே விட்டுவிட்டு, செய்திகள், பணிப்பட்டியல்கள், கெடு நாட்கள் ஆகியவற்றோடு நின்றுகொண்டது. தாமதத்துக்குக் காரணம் நுட்பமான அட்டவணை இல்லாமை என்று அதை உருவாக்கியவர்கள் கருதவில்லை. பேச்சு ஓரிடத்தில் இல்லாததே காரணம் என்று கண்டு, வாடிக்கையாளரையும் அந்த ஓரிடத்துக்குள் அழைத்துவந்தார்கள். சிறு நிறுவனங்களுக்குக் கிடைத்த மிகப் பயனுள்ள பாடங்களில் இது ஒன்று.

இரண்டாவது பாடம் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தது. ஜப்பானின் டொயோட்டா நிறுவனத்தில் தாய்ச்சி ஓனோ உருவாக்கிய கான்பன் முறையில், ஒரு பிரிவினர் தம்மிடமுள்ள உதிரிபாகங்களைப் பயன்படுத்தத் தொடங்கிய பிறகே அதற்குரிய அட்டை முந்தைய பிரிவுக்குத் திரும்பிச் செல்லும். அட்டை வராமல் முந்தைய பிரிவினர் புதிதாக எதையும் செய்வதில்லை. கான்பன் என்ற ஜப்பானியச் சொல்லுக்குப் பெயர்ப்பலகை, அறிவிப்புப் பலகை என்பது பொருள். நியூயார்க்கின் ஃபாக் கிரீக் நிறுவனம் 2011இல் வெளியிட்டு, 2017இல் அட்லாசியன் நிறுவனத்துக்குக் கைமாறிய டிரெல்லோ என்ற மென்பொருள், இந்த அட்டைகளைக் கணினித் திரையில் இழுத்து நகர்த்தக்கூடியவையாக ஆக்கிப் பரவலாக்கியது.

வலைத்தள நிறுவனம் ஒன்று இத்தகைய அட்டைகளை ஒட்டிவைக்கும் பலகையில் 'செய்ய வேண்டியவை', 'நடப்பவை', 'முடிந்தவை' என்ற மூன்று பத்திகள் போதாது. 'வாடிக்கையாளரிடம் இருப்பவை' என்ற நான்காவது பத்தி அவசியம் வேண்டும். அந்தப் பத்தியில் ஓர் அட்டை எப்படி இருக்க வேண்டும் என்பதும் முக்கியம். 'படங்கள் வர வேண்டும்' என்று மட்டும் எழுதிய அட்டையால் பயனில்லை. 'பொருட்கள் பக்கத்துக்கு 12 படங்கள், கேட்ட நாள் மார்ச் 4, நினைவூட்டிய நாள் மார்ச் 11, அனுப்ப வேண்டியவர் அங்குள்ள விற்பனை மேலாளர்' என்று எழுதியிருந்தால், அட்டையைப் பார்க்கும் எவரும் அடுத்த தொலைபேசி அழைப்பை யாருக்குச் செய்வது என்று கேட்காமலே தெரிந்துகொள்ளலாம். கெடு தவறும்போது யாரால் தவறியது என்ற வாக்குவாதமும் எழாது, தேதிகளே பேசும்.

இந்தப் பலகை முறையின் மறுபாதி, ஒரே நேரத்தில் கையில் வைத்திருக்கும் வேலைகளுக்கு வரம்பு கட்டுவது. இதன் பின்னால் எளிய கணக்கு ஒன்று உண்டு. அமெரிக்க அறிஞர் ஜான் லிட்டில் 1961இல் நிறுவிய விதிப்படி, வரத்தும் முடிப்பும் ஏறக்குறைய சமமாக உள்ள எந்த அமைப்பிலும், கையிலுள்ள வேலைகளின் சராசரி எண்ணிக்கையை மாதந்தோறும் முடியும் வேலைகளின் எண்ணிக்கையால் வகுத்தால், ஒரு வேலை முடிய ஆகும் சராசரி மாதங்கள் கிடைக்கும். மாதத்துக்கு இரண்டு வலைத்தளங்களை முடித்துத் தரும் நிறுவனம் 12 வலைத்தளங்களைக் கையில் வைத்திருந்தால் ஒவ்வொன்றும் சராசரியாக 6 மாதம் எடுக்கும். அதே ஆட்கள், அதே உழைப்போடு 6 வலைத்தளங்களை மட்டும் வைத்திருந்தால் 3 மாதத்தில் முடியும். முன்பணம் வருகிறதே என்பதற்காக வருகிற வேலையையெல்லாம் அன்றே தொடங்குவது எல்லா வாடிக்கையாளரையும் ஒருசேரக் காக்கவைப்பதாகும் என்பதை இந்தக் கணக்கு தெளிவாகக் காட்டுகிறது. வேலையை ஏற்றுக்கொண்டு, தொடங்கும் நாளை ஒரு மாதம் தள்ளிச் சொல்வது கூச்சமாகத் தோன்றலாம். ஆனால் வாடிக்கையாளருக்கு அதுவே நேர்மையான பதில்.

நாள் கணிப்பதில் மனித மனம் தவறுவதற்கும் ஆய்வுச் சான்று உண்டு. வேலை முடிய ஆகும் காலத்தை எப்போதும் குறைத்தே மதிப்பிடும் இயல்பை டேனியல் கானமன், ஏமோஸ் ட்வெர்ஸ்கி ஆகிய இரு உளவியலாளர்கள் 1979இல் 'திட்டமிடல் மயக்கம்' என்ற பொருளில் பெயரிட்டுக் குறித்தார்கள். கனடாவில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த மாணவர்களிடம் நடத்தி 1994இல் வெளியிடப்பட்ட ஓர் ஆய்வில், அவர்கள் சராசரியாக 34 நாட்களில் முடிப்போம் என்றும், எல்லாம் தவறாகப் போனாலும் 49 நாட்களுக்குள் முடிந்துவிடும் என்றும் கணித்திருக்க, உண்மையில் ஆனது 55 நாட்களுக்கும் மேல். ஆகவே புதிய வேலைக்கு விலைப்புள்ளி தரும்போது அந்த வேலையைக் கற்பனையில் ஓட்டிப் பார்ப்பதைவிட, இதற்கு முன் முடித்த இதே போன்ற ஐந்து வலைத்தளங்கள் உண்மையில் எத்தனை நாள் எடுத்தன என்று பார்ப்பதே நம்பத்தக்கது. அதற்கு ஒவ்வொரு வேலையிலும் செலவான நேரத்தைப் பதிவு செய்யும் பழக்கம் வேண்டும். அந்தப் பதிவை ஊழியரை வேவு பார்க்கும் கருவியாக்கினால் அடுத்த வாரமே பொய்க்கணக்கு எழுதப்படும்; அடுத்த விலைப்புள்ளிக்கான ஆதாரம் என்று விளக்கினால் உண்மைக்கணக்கு கிடைக்கும்.

தாமதமான வேலைக்கு ஆள் சேர்ப்பது அதை மேலும் தாமதமாக்கும் என்று அமெரிக்கக் கணினி அறிஞர் ஃபிரெட் புரூக்ஸ் 1975இல் வெளியான தம் நூலில் கூறியது சிறு நிறுவனங்களுக்கும் பொருந்தும். ஆள் கூடக்கூட ஒருவரோடொருவர் பேச வேண்டிய வழிகள் பெருகுகின்றன: நான்கு பேருக்கிடையே 6 பேச்சு வழிகள் உண்டு; இரண்டு பகுதிநேர ஊழியர்களைச் சேர்த்து ஆறு பேரானால் அவை 15 ஆகின்றன.

எந்தக் கருவியும் தீர்க்காத சிக்கல் பணி வரம்பு. ஒப்புக்கொண்டதற்கு மேல் 'சின்ன மாற்றம்தானே' என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்து, வேலை இரு மடங்காகிப் பணம் மட்டும் அப்படியே நின்றுவிடும் நிலையைக் கணினித்துறையில் ஸ்கோப் கிரீப் என்கிறார்கள். கேட்கும் வாடிக்கையாளர் மேல் முழுப் பழியையும் போட முடியாது. எது சேர்ந்தது, எது சேராதது என்று தொடக்கத்தில் எழுதித் தராததுதான் முதல் பிழை. எத்தனை பக்கங்கள், எத்தனை முறை திருத்தம், வாசகங்களை எழுதுவது யார், வாடிக்கையாளர் தரப்பில் ஒப்புதல் தரும் ஒரே நபர் யார், அவர்கள் தர வேண்டியவை வராமல் போனால் வேலையும் கெடுவும் என்ன ஆகும் என்பவை ஒரே தாளில் அடங்கிவிடும். தொலைபேசியிலும் வாட்ஸ்அப் குரல்பதிவிலும் வரும் மாற்றங்களை அன்றே அட்டையில் ஏற்றி, கூடுதல் நாளையும் தொகையையும் எழுத்தில் தெரிவித்து ஒப்புதல் பெறுவது கண்டிப்பு என்று தோன்றினாலும், உறவைக் காப்பது அதுதான். ரயன் சிங்கர் 2019இல் 37சிக்னல்ஸின் பணிமுறையை விளக்கி எழுதிய 'ஷேப் அப்' என்ற நூல் இதற்கு வேறொரு வழியைக் காட்டுகிறது: ஆறு வாரம் என்று காலத்தை முதலில் நிறுத்திவிட்டு, அந்தக் காலத்துக்குள் அடங்கும்படி வேலையைச் சுருக்குவது.

கருவியைத் தேர்ந்தெடுப்பது இவற்றுக்கெல்லாம் பின்னர் வர வேண்டிய கேள்வி. டிரெல்லோ, அசானா, பேஸ்கேம்ப், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஜோஹோவின் ப்ராஜெக்ட்ஸ் ஆகிய எதுவும் ஐந்தாறு பேர் கொண்ட நிறுவனத்தின் தேவைக்குப் போதுமானதே; அவற்றுக்கிடையிலான வேறுபாட்டைவிட, ஒன்றை எல்லோரும் அன்றாடம் பயன்படுத்துவதற்கும் மூன்றைப் பாதி பாதியாகப் பயன்படுத்துவதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பணம் கட்டி மென்பொருள் வாங்குவதற்கு முன், அலுவலகச் சுவரில் ஒரு வெள்ளைப்பலகையை மாட்டி, நான்கு பத்திகள் பிரித்து, கையிலுள்ள வேலைகள் எல்லாவற்றையும் வண்ணத்தாளில் எழுதி ஒட்டி, ஒரு மாதம் தினமும் காலையில் பத்து நிமிடம் அதன்முன் நின்று பேசிப் பாருங்கள். வாடிக்கையாளர் பத்தியில் எத்தனை தாள்கள் சேர்கின்றன என்று அந்த மாத முடிவில் எண்ணிப் பார்த்துவிட்டு, அதன் பிறகு மென்பொருளைத் தேர்ந்தெடுங்கள்.