முடி சூடாத அதிகாரம்

1524இல் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர், சாக்சனியை ஆண்ட மூன்றாம் ஃபிரெடெரிக்கின் உருவத்தைச் செப்புத் தகட்டில் செதுக்கினார். புனித ரோமானியப் பேரரசரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்ற எழுவரில் ஒருவர் ஃபிரெடெரிக். சமயச் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூதருக்கு அடைக்கலம் தந்தவரும் அவரே. படத்தில் முடியோ செங்கோலோ இல்லை. தாடியும் தொப்பியுமாக ஒரு முதியவர்தான் தெரிகிறார். ஆனாலும் ஆள் பெரியவர் என்பது பார்த்தவுடன் விளங்குகிறது. முகத்தைவிட, அது செதுக்கப்பட்ட விதமும், அதைச் சூழ்ந்தவையும், அச்சான பிரதிகளுமே அதை உணர்த்துகின்றன என்பேன்.

இக்கலையில் தூரிகை கிடையாது. எஃகு உளியால் தகட்டில் பள்ளமாகக் கோடு கீற வேண்டும். மை பூசித் துடைத்தால் பள்ளங்களில் மட்டும் மை தங்கும். ஈரத்தாளை அதன்மேல் வைத்து உருளைகளுக்கிடையே அழுத்தினால் படம் தாளில் ஏறும். ஆழ்ந்த கோடு கறுக்கும், நெருங்கிய கோடுகள் நிழலாகும், வெற்றிடம் ஒளியாகும். தவறாக விழுந்த கோட்டை அழிப்பது பெரும்பாடு. எழுத்துகளையோ இடவலம் மாற்றியே வெட்ட வேண்டும். தாடியின் சுருளிலும் கண்ணுக்குக் கீழுள்ள தொய்விலும் பிசகாத இந்த உழைப்பே, இவருக்காக இவ்வளவு மெனக்கெடலாம் என்று சொல்லிவிடுகிறது.

தலைக்கு இருபுறமும் கேடயச் சின்னங்கள். கீழே ரோமானியக் கல்வெட்டைப் போன்ற லத்தீன் வாசகம். பட்டமும் பதவியும் அங்கே இருப்பதால் முகத்தை அழகுபடுத்தும் தேவை எழவில்லை. அப்படியானால் எழுத்தே போதுமே, படம் எதற்கு என்று கேட்கலாம். பட்டம் வாரிசுக்கும் போகும். அதை இன்று வகிப்பவர் இவர்தான் என்று காட்ட முகம் வேண்டும்.

பிரதிகள் பெருகினால் மதிப்புக் குறையாதா என்பது அடுத்த ஐயம். லூதரின் எதிர்த்தரப்பான மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் அப்படி நினைக்கவில்லை. 1519இல் டியூரர் செதுக்கிய அவரது உருவத்தின் தகடும் 200 பிரதிகளும் அவரிடமே சென்றன. 1523இல் இன்னொரு தகட்டுடன் சென்றவை 500. தகட்டை வைத்திருப்பவரே மேலும் அச்சிடலாம், யாருக்குத் தருவது என்றும் முடிவு செய்யலாம். தீட்டிய ஓவியம் ஓர் அரண்மனைச் சுவரோடு நின்றுவிடும். அச்சுப்படமோ ஆள் போகாத ஊருக்கும் போகும். லூதர் விஷயத்தில் எதிரெதிரே நின்ற ஃபிரெடெரிக்கும் பேராயரும் ஒரே கலைஞரின் ஒரே உத்தியை நாடியதே இதன் வலிமைக்குச் சான்று. இத்தகைய படங்களைக் காணும்போது முகத்தோடு நின்றுவிடாமல், ஓரங்களையும் அடிவாசகத்தையும் சேர்த்துப் படியுங்கள்.