முதுமையும் பற்களும்

“பல்லுப் போனால் சொல்லுப் போச்சு” என்பது பழமொழி. முதுமையிற் பல் விழுந்தே தீருமென்று பலர் கருதுவர். உண்மையிற் பெரும்பாலும் பல்லை வீழ்த்துவன முரசு நோயும் சூத்தையுமேயாம், அவை தடுக்கத்தக்கவை.

வயது செல்லச் செல்லப் பல்லின் மேலுறையாகிய மிளிரி தேய்கிறது. அது மீண்டும் வளர்வதில்லை. முரசு ஒதுங்குமிடத்து, மிளிரியின் காப்பில்லாத பல்வேர் வெளிப்பட்டு எளிதிற் சூத்தையாகிறது. குருதியமுக்கம் முதலியவற்றுக்கு உட்கொள்ளும் மருந்துகள் சில உமிழ்நீரைக் குறைக்கின்றன. வாயிலுண்டாகும் அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீர் வற்றினாற் கேடு விரையும். அதற்காக மருந்தைத் தாமே நிறுத்தலாகாது. வைத்தியரிடம் கூறி, அடிக்கடி நீர் பருகுதல் நன்று.

இலங்கை முதியோர்க்கு மற்றோர் ஆபத்து வெற்றிலைத் தட்டில் உள்ளது. புகையிலை மட்டுமன்றிப் பாக்கும் புற்றுநோய் விளைப்பதென உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 2004 இல் வெளியிட்ட நூல் கூறுகிறது. வாயில் வெண்படையோ, இரண்டு வாரத்தில் ஆறாத புண்ணோ கண்டால், நோவில்லையென்று வாளாவிருத்தல் தகாது. தொடக்கத்திற் கண்டறிந்தாற் குணமாக்கும் வாய்ப்பு மிகுதி.

காலையும் இரவும் பல் துலக்கி, நோவு வருமுன்னரே பல்வைத்தியரை நாடும் முதியவர் சோற்றையும் சுவைத்துண்பார். பேரப்பிள்ளைகளுக்குக் கதையும் திருத்தமாகச் சொல்வார்.